நிறைந்த விமானம் ஏன் நிற்கிறது?

பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் தொடங்கி, தெற்கே ஆனைமலையையும் ஏலமலையையும் தழுவிக்கொண்டு குமுளி வரையில் நீண்டு செல்லும் கேரள எல்லைப் பிரதேசத்தில், பாலக்காடு, இடுக்கி என்ற இரண்டு பெரிய ஜில்லாக்கள் இருந்தும், பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விமான நிலையம் இரண்டிலும் கிடையாது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை வாசிகள் விமானம் ஏறக் கோயமுத்தூருக்குப் போகிறார்கள். மூணாறு, தேவிகுளம் பக்கத்தவர் மலையிறங்கிக் கொச்சியின் நெடும்பாசேரி நிலையத்துக்குச் செல்கிறார்கள். குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தமிழர் பலருக்குக் கம்பம், தேனி வழியாக மதுரைதான் சௌகரியம். இப்படிப் பிறருடைய நிலையங்களை நம்பி வாழ்கிறவர்கள் ஆனதாலோ என்னவோ, அந்நிலையங்களிலிருந்து புறப்படும் சிறு விமானங்களின் வருகையையும் மறைவையும் இவர்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள். ‘சென்ற மாதம் வரையில் இடம் கிடைக்காமல் ஜனங்கள் தவித்த விமானம் இந்த மாதம் எப்படி நின்றுபோயிற்று?’ என்று அவர்கள் கேட்கிற கேள்வி நியாயமானது. அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் ‘கூட்டம் இல்லை’ என்ற விடை பல சந்தர்ப்பங்களில் பொருந்தாத விடை.

முதலில் ஒரு சில தேதிகளைப் பார்ப்போம். சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே ட்ரூஜெட் நிறுவனம் 2018 மார்ச் 25 அன்று விமானப் போக்குவரத்தைத் தொடங்கியது. 2021-இல் அது நின்றது. இரண்டாண்டுகளுக்குமேல் வானம் பார்த்துக் கிடந்த சேலத்துக்கு, 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் நிறுவனம் பெங்களூரையும் கொச்சியையும் இணைக்கும் விமானத்தைக் கொண்டுவந்தது. அதே மாதம் 29 அன்று இண்டிகோ நிறுவனத்தின் சென்னை விமானமும் வந்து சேர்ந்தது. புதுச்சேரியில் 2017 ஆகஸ்டில் ஐதராபாத்துக்குத் தொடங்கிய ஸ்பைஸ்ஜெட் போக்குவரத்து 2024 மார்ச் மாத இறுதியில் நின்று, அவ்வாண்டு டிசம்பரில்தான் இண்டிகோவின் மூலம் அவ்வூருக்கு மீண்டும் விமானம் கிடைத்தது. இந்தத் தேதிகளை நாட்காட்டியில் வைத்துப் பார்க்கிறவர்கள் ஒரு விசேஷத்தைக் காண்பார்கள். 2018 மார்ச் 25 அம்மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. 2023 அக்டோபர் 29-உம் அம்மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையே. புதுச்சேரி விமானம் நின்ற 2024 மார்ச் இறுதியும் அத்தகைய ஒரு கடைசி ஞாயிற்றையொட்டிய வாரந்தான்.

இது தற்செயல் அன்று. உலகமெங்கும் விமானக் கம்பெனிகள் ஆண்டை இரண்டு பருவ அட்டவணைகளாகப் பிரித்துக்கொண்டிருக்கின்றன: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கு முந்திய சனி வரையில் கோடை அட்டவணை, அதற்குப் பின் மறு மார்ச் வரையில் குளிர்கால அட்டவணை. ஐரோப்பிய நாடுகள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைத்துக் குளிர்காலத்தில் பழையபடி திருப்புகிற நாட்களே இவ்வெல்லைகளாக அமைந்தன; பருவத்துக்கேற்பக் கடிகாரத்தை மாற்றாத நம் தேசமும் இந்தப் பங்கீட்டையே பின்பற்றுகிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் நிறுவனங்கள் சமர்ப்பிக்கும் அட்டவணையைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பரிசீலித்து அனுமதிக்கிறது. பெரிய நிலையங்களில் எந்த நிமிஷத்தில் யார் இறங்குவது என்ற நேர உரிமையைப் பேசித் தீர்க்கும் சர்வதேசக் கூட்டங்களோ பருவத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே, ஜூனிலும் நவம்பரிலும், நடந்து முடிந்துவிடுகின்றன. ஆகவே, கார்த்திகையில் ஒரு சிற்றூருக்கு விமானம் வருமா, வராதா என்பதைப் பற்றிய யோசனை ஆனி மாதத்திலேயே, அவ்வூரைப் பார்த்திராத ஒருவருடைய மேஜையில் தொடங்கிவிடுகிறது. அந்த மேஜையில் என்ன கணக்குப் போடப்படுகிறது என்பதுதான் நாம் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

விமானம் ஒன்றைப் பறக்க வைக்க ஆகும் செலவில் பெரும்பகுதி, அதில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதைப் பொறுத்ததன்று. நம் நாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் விமானங்களைக் குத்தகைக்கே எடுக்கின்றன; அந்தக் குத்தகைப் பணம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதந்தோறும் கட்ட வேண்டியது. விமானிகளின் சம்பளமும், பராமரிப்பும், தரையிறங்கும் கட்டணமும் அவ்வாறே பிரயாணிகளின் தலையை எண்ணி வருவன அல்ல. இந்தியாவில் மொத்தச் செலவில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை விழுங்கும் எரிபொருள்கூட, எழுபது சொச்சம் இருக்கைகள் கொண்ட ஏ.டி.ஆர். விமானத்தில் முப்பது பேர் இருந்தாலும் எழுபது பேர் இருந்தாலும் சிறிதளவே வேறுபடுகிறது. செலவு பயணத்துக்கு ஒருமுறை; வரவோ இருக்கைக்கு ஒருமுறை. எனவே, நிறைந்த இருக்கைகளுக்கும் மொத்த இருக்கைகளுக்கும் உள்ள விகிதத்தை ‘நிரப்பு விகிதம்’ என்றும், வரவும் செலவும் சரியாக நிற்கிற அளவைச் ‘சமன் நிரப்பு’ என்றும் வைத்துக்கொண்டால், முதலாவது இரண்டாவதைத் தாண்டும்போது லாபம், தாண்டாதபோது நஷ்டம். இதுவரையில் கணக்கு எளிது.

ஆனால் ஒரு திசையில் நிறைந்து செல்லும் விமானம் மறு திசையிலும் நிறைந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இதை ஜனங்கள் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஐப்பசிக் கடைசியில் பாலக்காட்டில் கல்பாத்தித் தேர் நடக்கிறது. அக்கிரகாரத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சென்னைக்கும் பம்பாய்க்கும் அப்பாலும் உத்தியோகத்துக்காகக் குடிபெயர்ந்த குடும்பங்கள் விசாலாக்ஷி சமேத விசுவநாத சுவாமியின் தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிட வேண்டுமென்று கோயமுத்தூர் வந்து இறங்குகின்றன. தேருக்கு முந்திய நாட்களில் அங்கே வந்து இறங்கும் விமானத்தில் இடமிராது. அதே விமானம் திரும்பிப் போகும்போது அத்தனை பேர் இருப்பதில்லை, வந்தவர்கள் இன்னும் திரும்பவில்லையாதலால். தேர் நிலைக்கு வந்த பிறகு இந்நிலை தலைகீழாகும். கோயமுத்தூரைப் போன்ற தொழில்நகரத்தில் இந்த வேறுபாட்டை மற்ற பிரயாணிகள் ஈடுசெய்துவிடுகிறார்கள். ஈடுசெய்ய ஆளில்லாத சிற்றூரிலோ, நிறைந்து வந்ததைக் கண்ணால் கண்டவர்கள் ‘இவ்வளவு கூட்டம் இருந்ததே!’ என்று சொல்ல, கம்பெனியின் கணக்கில் போக்கும் வரவும் சேர்ந்து சராசரி பாதியாகவே பதிவாகியிருக்கும்.

இருந்தபோதிலும், போக்குவரவு இரண்டிலும் ஓரளவு நிறைந்து, சமன் நிரப்பையும் தாண்டி, சிறு லாபமும் தந்துகொண்டிருந்த விமானம் நிறுத்தப்படுவதும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள எல்லைப்புறத்து ஜீப்பைப் பார்த்தால் போதும். ஏலமலையில் காய் எடுப்புக் காலம் வந்துவிட்டால், கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கம்பமெட்டு, போடிமெட்டு ஏறுகிற ஜீப்புகளைக் காணலாம். மற்ற மாதங்களில் பிரதான சாலையிலிருந்து விலகிய ஒரு குடியிருப்புக்கு ஆள் ஏற்றிச் செல்கிற ஜீப் ஒன்று, செலவெல்லாம் போக நாளொன்றுக்கு 500 ரூபாய் மிச்சம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காய் எடுப்பின்போது எஸ்டேட்காரர் ஆள் ஏற்றிவர அழைத்து, மிச்சம் 1,200 ரூபாய் நிற்கும்படி கூலி பேசுகிறார். அன்று முதல் அந்தக் குடியிருப்புக்கு ஜீப் வருவதில்லை. அங்கே ஏறுகிறவர் ஒருவரும் குறையவில்லை. 500 ரூபாய் மிச்சமும் அப்படியே காத்திருக்கிறது. ஆனால் அந்த 500-ஐ எடுத்தால் 1,200-ஐ விட வேண்டும். லாபமுள்ள ஓட்டத்தை நிறுத்தியது நஷ்டமன்று, வேறிடத்தில் காத்திருந்த அதிக லாபம். பொருளாதார சாஸ்திரத்தில் இப்படி ஒன்றைப் பெறுவதற்காக விட்டுக்கொடுக்கிற பலனை ‘வாய்ப்புச் செலவு’ என்கிறார்கள். தனிப்பட்ட ஒரு ஜீப்காரருக்கு இது மனக்கணக்கு. நூற்றுக்கணக்கான விமானங்களும் ஆயிரக்கணக்கான பயணங்களும் உள்ள நிறுவனத்துக்கோ இது மனத்தால் போடக்கூடிய கணக்கன்று.

அந்தக் கணக்கை முறைப்படி போடும் வழியைக் கண்டவர்களில் முதன்மையானவர் ஜார்ஜ் டான்ட்ஸிக் என்ற அமெரிக்கக் கணித மேதை. வரையறுக்கப்பட்ட சாதனங்களைப் பல காரியங்களுக்குப் பகிர்ந்து, மொத்தப் பலன் உச்சமாகும்படி செய்யும் ‘நேரியல் திட்டமிடல்’ என்ற துறையில், விடையைப் படிப்படியாக நெருங்கும் முறையை அவர் 1947-இல் வகுத்தார். பின்னர், ஆலன் ஃபெர்குசன் என்பவரோடு சேர்ந்து 1956-இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று நம் கேள்விக்கு நேரானது. நான்கு வகை விமானங்கள் இருக்கின்றன, ஐந்து வழித்தடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தடத்திலும் எத்தனை பேர் வருவார்கள் என்பது நிச்சயமில்லை, இத்தனை பேர் வர இவ்வளவு சாத்தியம் என்றுதான் சொல்ல முடியும். இந்நிலையில் எந்த விமானத்தை எந்தத் தடத்தில் விடுவது? சராசரிக் கூட்டத்தை மட்டும் வைத்துப் போடும் பங்கீடும், கூட்டம் ஏறி இறங்கும் தன்மையையும் கணக்கில் கொண்டு போடும் பங்கீடும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். சராசரியில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு ஊர்களில், நாளுக்கு நாள் கூட்டம் மிகவும் மாறும் ஊர் கணக்கில் பின்தங்கிவிடுகிறது. திருவிழாவையும் விடுமுறையையும் நம்பி நிற்கும் சிற்றூர்களின் கதி இதுதான்.

இந்தக் கணிதம் காகிதத்தோடு நிற்கவில்லை. 1990-களில் அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் தன்னுடைய சுமார் 450 விமானங்களை நாளொன்றுக்கு 2,500-க்கு மேற்பட்ட உள்நாட்டுப் பயணங்களுக்குப் பகிரும் பணியை இவ்வகைக் கணக்கின்மூலமே செய்தது. அவ்வளவு பெரிய கணக்கைச் சில மணி நேரத்தில் முடிக்க உதவியது, குவாலியரில் பிறந்த நரேந்திர கர்மார்க்கர் 1984-இல் வெளியிட்ட முறையிலிருந்து கிளைத்த ‘உட்புள்ளி வழி’ என்னும் கணித வகை. இன்று பெரிய நிறுவனங்கள் அனைத்தும் இத்தகைய கருவிகளைக் கையாள்கின்றன.

இக்கணக்கு விடையோடு கூடவே இன்னொரு எண்ணையும் தருகிறது. என் அபிப்பிராயத்தில் நம் புதிருக்குத் திறவுகோல் அதுவே. கையிருப்பில் இன்னும் ஒரு விமான மணி நேரம் கூடுதலாக இருந்தால் மொத்த லாபம் எவ்வளவு உயரும் என்று கேட்டால், அதற்குக் கணக்கே ஒரு தொகையைச் சொல்லும். அதற்கு ‘நிழல் விலை’ என்று பெயர். எவரும் இந்த விலையைக் கொடுப்பதில்லை, வாங்குவதுமில்லை. ஆயினும் ஒவ்வொரு தடமும் மறைமுகமாக இந்த விலையோடு மோதியே உயிர் பிழைக்கிறது. சேலத்து விமானம் ஒரு மணி நேரத்தில் ஈட்டுவது அந்நேரத்தின் நிழல் விலைக்கு மேலே இருந்தால் அது நிலைக்கும். கீழே போனால், தனியே பார்க்கையில் லாபமாயிருந்தாலும், நீக்கப்படும். நிழல் விலையோ பருவத்துக்குப் பருவம் மாறுவது. தீபாவளி, கிறிஸ்துமஸ், மே மாதப் பள்ளி விடுமுறை ஆகிய காலங்களில் பெருநகரங்களுக்கிடையே கட்டணம் உயர, ஒவ்வொரு விமான மணியின் நிழல் விலையும் ஏறுகிறது. மழைக்காலத்தில் அது இறங்குகிறது. சிற்றூருக்கு நல்ல காலமும் பெருநகருக்கு நல்ல காலமும் ஒரே மாதத்தில் வந்து பொருந்திவிட்டால், சிற்றூரில் கூட்டம் மிகுந்திருக்கும்போதே விமானம் பறிபோகிறது. கூட்டமுள்ளபோது நிறுத்திவிட்டு மழையில் மீண்டும் கொண்டுவருவது கண்டு ஊரார் கோபப்படுவதில் ஆச்சரியமில்லை. கணக்கு ஊரைப் பார்க்கவில்லை, விமானத்தைப் பார்க்கிறது.

எல்லா விமானமும் எல்லா ஊருக்கும் போகவும் முடியாது. புதுச்சேரியின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர். சேலத்தில் சுமார் 1,800 மீட்டர். 180 பேர் ஏறும் ஏர்பஸ் ஜெட் விமானம் அங்கே சாதாரணமாக இறங்குவதில்லை. சுழல்விசிறியால் உந்தப்படும் ஏ.டி.ஆர். போன்றவைதான் இறங்குகின்றன. இண்டிகோவிடம் 400-க்கு மேற்பட்ட விமானங்கள் இருந்தாலும் அவற்றுள் ஏ.டி.ஆர். வகை 45 அளவிலேயே. அலையன்ஸ் ஏரிடம் உள்ளவை மொத்தமே சுமார் 20. விமானங்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை உறுப்புக்களைக் கழற்றிப் பார்க்கும் பெரும் பரிசோதனை கட்டாயம். ஒன்று அதற்காகக் கொட்டகைக்குள் சென்றால் சில வாரங்கள் வெளிவராது. நூறு விமானத்தில் ஒன்று போனால் நூறில் ஒரு பங்கு குறைவு. இருபதில் இரண்டு போனால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. அந்தப் பத்தில் ஒரு பங்கு யாருடைய தடங்களிலிருந்து கழிக்கப்படும் என்று கேட்பது வீண். வாரத்தில் மூன்று நாள் செல்லும் தடத்தில் நிறுத்தினால் மாற்று ஏற்பாடு செய்து தர வேண்டிய பிரயாணிகள் குறைவு, மறு நாளைய விமானமும் கிடையாதாகையால் பணத்தைத் திருப்பித் தந்து காரியத்தை முடித்துவிடலாம். டில்லியில் பனிமூட்டம் கவிகிற மார்கழி, தை மாதங்களில் அன்றாட ஒழுங்கு சிதறும்போதும் முதலில் ரத்தாகிறவை இவ்வாறான தடங்களே.

வானிலை இதில் எவ்வளவு பங்கு பெறுகிறது? மக்கள் நினைப்பதைவிடக் குறைவு, நிறுவனங்கள் அறிக்கையில் சொல்வதைவிடவும் குறைவு. எனினும் அதைத் தள்ளிவிட முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைத்தொடரின் பெரும்பகுதியில் மோதித் தடுக்கப்பட, 30, 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயில் நெருக்கிக்கொண்டு உள்ளே பாய்கிறது. வாளையாறு தாண்டினால் ஆடி மாதத்தில் இருசக்கர வண்டியை நேராக ஓட்டுவதே சிரமம். கோயமுத்தூரின் ஓடுபாதை வடகிழக்கும் தென்மேற்குமாக, அந்தக் காற்றை ஏறக்குறைய எதிர்நோக்கியே கிடக்கிறது. எதிர்க்காற்று விமானத்துக்கு நண்பன். குறைந்த ஓட்டத்திலேயே எழவும் நிற்கவும் அது துணைசெய்கிறது. காற்றைவிடத் தொல்லை தருவது நீர். ஜெட் விமானம் ஓடுபாதையின் நீளத்தில் 60 சதவீதத்துக்குள்ளாகவே இறங்கி நிற்க வல்லதாயிருக்க வேண்டும் என்பது விதி. பாதை ஈரமாயிருக்குமெனில் தேவையான நீளத்தோடு மேலும் 15 சதவீதத்தைச் சேர்க்க வேண்டும். சுழல்விசிறி விமானங்களுக்கும் இதற்கு இணையான கட்டுப்பாடுகள் உண்டு. பாதை மூன்று கிலோமீட்டர் நீளமிருந்தால் இது ஒரு பொருட்டன்று. லட்சத்தீவின் அகத்தியில் உள்ளதுபோல 1,200 மீட்டரே இருந்தால், எடையைக் குறைக்க இருக்கைகளைக் காலியாக விட்டே பறக்க நேரும். வெயிலும் இவ்வாறே செய்யும். 15 பாகை உஷ்ணத்தில் உள்ள காற்றைவிட 35 பாகைக் காற்று சுமார் 6 சதவீதம் அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குப் பற்றுக்கோடும் எஞ்சினுக்கு மூச்சும் அவ்வளவு குறைகின்றன. ஆகவே குறுகிய பாதையுள்ள ஊருக்கு, பருவத்தைப் பொறுத்து, அதே விமானமே சிறியதாகிவிடுகிறது. சமன் நிரப்பை எட்ட வேண்டிய இருக்கைகளே விற்பனைக்கு இல்லாமற்போகின்றன.

வானிலை எல்லாக் கணக்கையும் துடைத்தெறிந்த சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்காக மூணாறு காத்திருந்த 2018-ஆம் ஆண்டில், இடுக்கி நீர்த்தேக்கம் நிரம்பி, செறுதோணி அணையின் மதகு ஆகஸ்ட் 9 அன்று 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டது. பெரியாறு கரைபுரண்டு நெடும்பாசேரி விமான நிலையத்துக்குள் புகுந்தது. ஆகஸ்ட் 15 முதல் 29 வரையில் அந்நிலையம் மூடிக் கிடந்தது. அப்போது கொச்சிக் கடற்படைத் தளத்தின் சிறிய ஓடுபாதையிலிருந்து, 20-ஆம் தேதி முதல், ஏ.டி.ஆர். விமானங்களே பிரயாணிகளை ஏற்றிச் சென்றன. பெரிய ஜெட்டுகள் முடங்கிய இடத்தில் சிறிய விமானங்களின் நிழல் விலை வானளாவியது என்று கணிதக்காரர் சொல்வார். கொச்சியில் சிக்கித் தவித்தவர்களுக்கு அவற்றின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு தடத்தை ஒரு பருவத்துக்கு நிறுத்தி மறு பருவத்தில் தொடங்கினால் பழைய கூட்டம் அப்படியே திரும்பி வருமா? வருவதில்லை. தினமும் உள்ள விமானத்தை வாரத்துக்கு மூன்றாக்கினால், பிரயாணிகள் ஏழில் மூன்று பங்காக மட்டும் குறைவார்கள் என்று எண்ணக்கூடாது. வேலை நிமித்தம் அவசரமாகப் போகிறவர், திரும்பி வரும் நாளில் விமானம் இல்லையென்றால் போகும் நாளிலும் அதை நாடமாட்டார்; காரிலோ இரவு பஸ்ஸிலோ போய்ப் பழகிவிடுவார். அதிகக் கட்டணம் கொடுக்கக்கூடியவர்கள் இவர்களேயாதலால், எஞ்சுவோரின் எண்ணிக்கை மட்டுமின்றிக் கட்டணமும் இறங்குகிறது. அந்தக் குறைந்த வருவாயைக் கண்டு மறு பருவத்துக் கணக்கு இன்னும் ஒரு நாளைக் குறைக்கிறது.

இதைத் தடுக்க அரசாங்கம் செய்திருப்பவை இரண்டு. 1994-இல் வகுக்கப்பட்ட வழித்தடப் பகிர்வு நெறிப்படி, பெருநகரத் தடங்களில் பறக்கும் ஒவ்வொரு நிறுவனமும், அங்கே அளிக்கும் இருக்கைத் திறனில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வடகிழக்கு, ஜம்மு காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவு போன்ற பகுதிகளிலும் அளிக்க வேண்டும். இதன் பலம் என்னவென்றால், அத்தடங்கள் நிழல் விலையோடு போட்டியிட வேண்டியதில்லை. கணக்குத் தொடங்கும் முன்பே ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. மேற்கு மலைத்தொடரின் ஊர்களுக்கு இப்பாதுகாப்புக் கிடையாது. இரண்டாவது, 2016-இல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டம். ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி அளவு இருக்கைகளை 2,500 ரூபாய்க்குள் விற்க வேண்டும் என்பது அதன் தொடக்க விதி. அதனால் விழும் பள்ளத்தை அரசு மூன்றாண்டுக் காலம் நிரப்பும். முன்பு சொன்ன 2018-ஆம் ஆண்டுச் சேலம் விமானமும் 2017-ஆம் ஆண்டுப் புதுச்சேரி விமானமும் தொடங்கியது இத்திட்டத்தின் கீழ்தான். ஆயினும் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2023-இல் வெளியிட்ட அறிக்கை, ஒப்படைக்கப்பட்ட 774 தடங்களில் 371 மட்டுமே தொடங்கப்பட்டன என்றும், அவற்றுள் மூன்றாண்டை நிறைவு செய்தவை 112 என்றும், மானியக் காலம் முடிந்த பின்னும் 2023 மார்ச்சில் நடந்துகொண்டிருந்தவை 54 மட்டுமே என்றும் கூறுகிறது. நிலையங்கள் தயாராகாமை, விமானங்கள் கிடைக்காமை, சில கம்பெனிகள் நொடித்துப் போனமை எனக் காரணங்கள் பல. ஆனால் அடிப்படையில் ஒரு குறை உண்டு என்பது என் திடமான எண்ணம்: மானியம், அந்தத் தடத்தில் ஏற்படும் நஷ்டத்தை ஈடுசெய்கிறது, அத்தடத்துக்காக நிறுவனம் வேறிடத்தில் கைவிடும் லாபத்தை ஈடுசெய்வதில்லை. ஜீப்காரருக்கு 500 ரூபாய் நிச்சயம் என்று உறுதி கொடுத்தால், எஸ்டேட்டின் 1,200-ஐ அவர் எதற்காக மறுக்க வேண்டும்?

இவ்வளவையும் இடுக்கியின் ஓர் ஏரிக்கரையில் வைத்துப் பார்க்கச் சந்தர்ப்பம் வந்திருக்கிறது. 2024 நவம்பர் 11 அன்று, கொச்சி போல்காட்டியிலிருந்து புறப்பட்ட ட்வின் ஆட்டர் நீர்விமானம் ஒன்று, மூணாறுக்கு அருகிலுள்ள மாட்டுப்பட்டி நீர்த்தேக்கத்தில் பரீட்சார்த்தமாக இறங்கியது. சாலை வழியே நான்கு மணி நேரம் போல் பிடிக்கிற தூரத்தை அரை மணியில் கடக்கும் இந்தப் போக்குவரத்து நிலைத்தால் அது மலைநாட்டுக்குப் பெரிய சௌகரியமே. ஆனால் குஜராத்தில் சபர்மதி ஆற்றிலிருந்து கேவடியாவுக்கு 2020 அக்டோபர் 31 அன்று தொடங்கிய நீர்விமானம், ஒரு மாதத்துக்குள் பராமரிப்புக்காக மாலத்தீவுக்குப் போக வேண்டியிருந்தது. அது இல்லாத நாட்களில் போக்குவரத்தும் இல்லை. 2021 ஏப்ரலோடு எல்லாம் நின்றது. ஒரே விமானத்தை நம்பிய தடம் அப்படித்தான் நடக்கும்.

மாட்டுப்பட்டிக்கு இன்னும் ஒரு சங்கடம் உண்டு. நீர்விமானி கண்ணால் பார்த்தே இறங்க வேண்டும். ஆனி, ஆடியில் மூணாற்று மலைகளை மூடும் மேகத்தில் அது நடவாது. நீர்த்தேக்கம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தியும் 15 சதவீதம் போல் குறைவு. எடையில் சலுகை இல்லை. வானம் தெளிந்து, உல்லாசப் பிரயாணிகள் திரளும் கார்த்திகை முதல் மாசி வரையான மாதங்களே மாட்டுப்பட்டிக்கு ஏற்றவை. உலகத்திலேயே மிகுதியான ட்வின் ஆட்டர் நீர்விமானங்கள் பறக்கும் மாலத்தீவிலும் உச்சப் பருவம் இதே மாதங்கள்தாம். விமானம் அங்கே ஓய்ந்திருக்கும்போது மூணாற்றில் பறக்க முடியாது. மூணாற்றில் பறக்க முடியும்போது அதன் நிழல் விலை அங்கே உச்சியில் நிற்கும். பயணத்துக்கு இவ்வளவு என்று மானியம் பேசுகிற ஒப்பந்தம் இந்த முடிச்சை அவிழ்க்காது. குறைந்தது இரண்டு விமானங்களை ஆண்டு முழுவதற்கும் குத்தகைக்கு அமர்த்தி, பெரும் பரிசோதனையை ஆனி, ஆடியில் வைத்துக்கொள்வதென்றும், மழை இடைவிட்ட நாட்களில் அஷ்டமுடி, வேம்பநாடு போன்ற தாழ்ந்த நீர்ப்பரப்புகளில் அவற்றை ஓட்டுவதென்றும், கார்த்திகையிலிருந்து நான்கு மாதம் வேறெங்கும் அனுப்புவதில்லை என்றும் எழுதிக்கொண்டால் மட்டுமே, மாட்டுப்பட்டிப் படகுத்துறையில் ஒட்டப்படும் கால அட்டவணையை நம்பி ஒருவர் டிக்கெட் வாங்க முடியும்.